மொராயிஸ் முகத்தில் போலராயிஸ்

"என் கண்ணுக்கும் கடலுக்கும் நடுவுல காத்து நிக்கலாம், மழை நிக்கலாம், ஆண்டவருக்கு இஷ்டமின்னா அவரும் வந்து நிக்கலாம். கண்ணாடின்னு ஒரு வஸ்து மட்டும் நிக்காது. நின்னா, அன்னையிலருந்து நான் மொராயிஸ் இல்ல!"

இந்தப் பிரகடனம் உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, தூத்துக்குடி மாதா கோவில் வாசலில் சலேத்து மொராயிஸ் அவர்களால் வெளியிடப்பட்டது. அதே வருஷம் டெல்லியிலிருந்தும் லண்டனிலிருந்தும் எத்தனையோ பிரகடனங்கள் வந்தன. அவையெல்லாம் கடற்கரைத் தெருவுக்கு வந்து சேர மாசக்கணக்கில் ஆயிற்று. இதுவோ, வெயில் ஏறுவதற்குள் கடைசி வீட்டுக் கோழிக்கூடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிரகடனத்துக்குக் காரணம் அவருடைய மச்சினன் வளன். மனைவி அமலோற்பவத்தின் தம்பி, அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். அன்று அவன் கொழும்புச் சரக்கான ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூசைக்கு வந்திருந்தான். சாமியார் பிரசங்கத்தை நடுவில் நிறுத்தி, "வளன், கோவிலுக்குள்ளேயும் வெயில் அடிக்குதோ?" என்று கேட்கும்படி ஆயிற்று. அந்த அவமானத்தோடு விட்டிருக்கலாம். வாசலுக்கு வந்ததும் ஊர் கேட்க, "மச்சான், நீங்களும் இப்பிடி ஒண்ணு வாங்கிப் போடுங்களேன். உங்களுக்குத்தான் கண்ணு கலங்குதுல்லா?" என்றான். ஊர் அவருடைய கண்ணைப் பார்த்தது. கண் அப்போதும் கலங்கித்தான் இருந்தது. பிரகடனம் பிறந்தது.

சலேத்து மொராயிஸின் கண் என்பது சாதாரண உடலுறுப்பு அல்ல, பரம்பரைச் சொத்து. வள்ளத்து முதலாளியான சம்மாட்டி இனிகோ வாஸிடம் அவருக்கு வலை இழுக்கிற வேலை கிடையாது, துடுப்பாகிய தண்டு வலிக்கிற வேலையும் கிடையாது. அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்மூக்கில், கொடிக்கம்பம் மாதிரி நிற்பதுதான் வேலை. நின்றபடி தண்ணீரைப் பார்ப்பார். எங்கே சாளை மீன்கூட்டம் கிடக்கிறது, எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது, இப்போது திரும்புமா, இன்னும் கொஞ்சம் யோசிக்குமா என்பதையெல்லாம் சொல்வார். சொன்ன இடத்தில் வலை விழும். அதற்குப் பிரதிபலனாக, கரைக்கு வந்ததும் சம்மாட்டி தொடுவதற்கு முன்னால், பிடிபட்டதில் நல்ல மீன் ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளலாம். 'கண் மீன்' என்று பெயர். அமலோற்பவம் அந்த மீனை ஓலைப்பெட்டியில் வைத்து மூடாமல், வால் வெளியே தெரிய, வேண்டுமென்றே சுற்றுவழியில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். நேர்வழியில் போனால் பார்க்கிறவர்கள் குறைவு.

கண்ணுக்குத் துணையாக அவரிடம் இன்னொரு பரம்பரைச் சொத்தும் உண்டு. அது தலைச்சாய்ப்பு. அணியத்தில் ஏறியதும் தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, காது தோளைத் தொடுமோ என்று பார்க்கிறவர்கள் பயப்படும் அளவுக்கு வைத்துக்கொள்வார். அவருடைய அப்பா அப்படித்தான் நின்றார். அப்பாவுடைய அப்பாவும் அப்படித்தான். சூரியன் எதிரே வந்து தண்ணீர் தகரம் மாதிரி மின்னும்போது, தலையைச் சாய்த்து ஒரு கண்ணை இடுக்கினால் மின்னலுக்குள்ளே ஒரு சந்து கிடைக்கும் என்பது மொராயிஸ் குடும்பத்து சாஸ்திரம். அந்தச் சந்து வழியாகத்தான் மூன்று தலைமுறையும் மீனைப் பார்த்தது. ராஜாக்களுக்குப் புலியும் கயலும் சின்னமாக இருந்ததுபோல, இவர்களுக்கு ஒரு பக்கம் சாய்ந்த தலை சின்னமாயிற்று. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட அவர் சாய்த்துத்தான் கட்டினார் என்பது அமலோற்பவம் தரும் தகவல்.

ஆனால் கடலோர வெயிலுக்குப் பரம்பரை மரியாதை தெரியாது. அந்த வருஷம் சலேத்துவின் இரண்டு கண்ணிலும் மூக்கோரமாகச் சதை ஏறிக்கொண்டது. விடிந்து சூரியன் கொஞ்சம் மேலே வந்தால் போதும், கண் பொங்கி வழியும். சந்து அடைத்துக்கொண்டது. எவ்வளவு சாய்த்தாலும் தகரமே தெரிந்தது. ஒருநாள் மேகத்தின் நிழலுக்கு வலை போடச் சொன்னார். இன்னொரு நாள் பாசித் திட்டுக்குப் போடச் சொன்னார். வலை நிறையப் பாசியோடு வந்தபோது, தண்டு வலிக்கிறவர்களில் ஒருவன், "மாட்டுக்குப் போடலாம்" என்று மெல்லச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததுதான் சலேத்துவுக்குத் தைத்தது.

சம்மாட்டி இனிகோ வாஸ் நல்ல மனுஷர். கெட்ட செய்தியையும் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டேதான் சொல்வார்.

"சலேத்து, மாதா திருநாள் கொடி ஏறுற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கண்ணு தெளிஞ்சா அணியம் உமக்கு. தெளியலைன்னா வளன் ஏறட்டும். உமக்குப் பிச்சல்ல, சுக்கான் பக்கத்துல, நிழலா ஒரு எடம் போட்டுத் தாரேன்."

"நிழல்லயா?" என்றார் சலேத்து. மொராயிஸ்களில் எவரும் கடலில் நிழலில் உட்கார்ந்ததில்லை.

"வெயிலு ஆகாதுல்லா, அதுக்குச் சொன்னேன்."

வளன்! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோவில் படியிலேயே கால் தவறியவன்! அவன் அணியத்தில் நிற்பான், இவர் பின்னால் பிச்சலில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்ப்பார். கண் மீன் அவன் வீட்டுக்குப் போகும். சலேத்து அன்று சோறு உண்ணவில்லை. அதாவது, மூன்றாம் முறை போட வந்ததை வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில், தெருவில் நாய்கூட நடமாடாத நேரம் பார்த்து, அவர் பெரிய கடைத்தெருவுக்குப் போனார். அங்கே கொழும்புச் சாமான் விற்கிற செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் கடை இருந்தது. அண்ணாச்சி சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டியோடு வந்து, கருப்பட்டியை விட்டுச் சீப்பு, கண்ணாடி, சோப்பு என்று முன்னேறியவர்.

"வாரும் வே மொராயிஸ்! என்ன இந்த வெயில்ல?"

"அமலோற்பவத்துக்கு ஒரு கண்ணாடி வேணும் அண்ணாச்சி. வெயிலுக்குப் போடுதது."

"வீட்டுக்காரிக்கா?" அண்ணாச்சி அவருடைய கண்ணைப் பார்த்தார். சிரிப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நல்ல காரியம். ரெண்டு தினுசு இருக்கு வே."

முதல் தினுசு வளன் வாங்கியது. ஒரு கூடை நிறையக் கிடந்தது, வெண்டைக்காய் மாதிரி. பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். விலையும் வெண்டைக்காய் விலையைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டாம் தினுசு ஒன்றே ஒன்று. அண்ணாச்சி அதைப் பெட்டகத்துக்குள்ளிருந்து எடுத்து, பெட்டியிலிருந்து பிரித்து, பஞ்சிலிருந்து விடுவித்து, வேட்டி முனையால் துடைத்து, மேஜைமேல் வைத்தார். சண்டைக் காலத்தில் அமெரிக்கக் கப்பற்படைக்காரர்களுக்காகச் செய்தது, சண்டை முடிந்ததும் கொழும்பில் ஏலத்துக்கு வந்தது.

"விலை என்ன?"

"உக்காந்து கேளும்."

உட்கார்ந்து கேட்டார். கேட்டதும் மறுபடி எழுந்துவிட்டார். "அந்த விலைக்கு ஒரு புது வலையே முடிஞ்சிரலாமே அண்ணாச்சி! இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு. என்ன வித்தியாசம்?"

"அது வெளிச்சத்தைக் கொறைக்கும் வே. இது கூச்சத்தை வெட்டும். தண்ணிமேல மின்னுதுல்லா, அத மட்டும் வெட்டிட்டு அடியில கிடக்குறதைக் காட்டும். பெட்டியில எழுதியிருக்கு பாரும்." அண்ணாச்சி இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டு வாசித்தார். "போ... ல... ரா... யிஸ்... மிச்சம் அழிஞ்சிருக்கு. போலராயிஸ்!"

சலேத்து நிமிர்ந்தார். "போலராயிஸா?"

"ஆமா."

"அது எங்க ஆளுவ பேருல்லா! மொராயிஸ், கொரேரா, மச்சாது... போலராயிஸ். இங்கன இல்ல. கொழும்புல, கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள குடும்பமா இருக்கும்."

சரக்கு போகவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அண்ணாச்சி தன் வியாபார வாழ்க்கையின் மிகப் பெரிய தவறைச் செய்தார். "உங்க ஆளுவளேதான் வே! சொந்தக்காரன் செஞ்ச சாமான். நம்பி வாங்கலாம்!"

சலேத்துவின் முகம் மூடிய கடைக்கதவு மாதிரி ஆயிற்று. அமெரிக்காக்காரன் செய்தது என்றால் ஒருவேளை மன்னித்திருப்பார். இன்னொரு குடும்பம், அதுவும் பெயர் கேள்விப்படாத ஒரு குடும்பம், மொராயிஸ் குடும்பத்துக்குக் கடலைக் காட்டிக்கொடுப்பதாவது!

இருந்தாலும் போட்டுப் பார்த்தார். அண்ணாச்சி கடைவாசலில் ஒரு வாளித் தண்ணீரை வெயிலில் கொண்டுவந்து வைத்தார். சலேத்து குனிந்தார். தண்ணீர் என்று கண்டதும் தலை, யாரும் சொல்லாமலே, இடப்பக்கமாகத் தோளை நோக்கிச் சாய்ந்தது.

"தெரியுதா வே? அடியில ஒரு சங்கு போட்டிருக்கேன்."

"தகரம் தெரியுது."

"தகரமா?" அண்ணாச்சி கண்ணாடியைப் பிடுங்கித் தான் போட்டுப் பார்த்தார். "அந்தா கிடக்கு சங்கு, பட்டப் பகல் மாதிரி! எனக்குத் தெரியுது, உமக்குத் தெரியலையா? வெலையைக் கொறைக்கதுக்கு இப்பிடி ஒரு வழியா? நான் பார்க்காத பேரமா வே?"

"நான் பொய் சொல்லுதேன்கீறா?"

"நீரு சொல்லல. ஒம்ம பை சொல்லுது."

இரண்டு பேரும் சத்தியம் பேசினார்கள், இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். முடிவில் சலேத்து, விலை குறைந்தது, விலை கூடியது இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்பு எழுதி, எதையும் வாங்காமல் வெளியேறினார்.

கதை அங்கே முடிந்திருக்கும், அமலோற்பவம் இல்லாவிட்டால். தனக்காகப் புருஷன் கண்ணாடி பார்க்கப் போன செய்தி அவளுக்குச் சாயங்காலமே எட்டிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்காக அவர் ஒரு ரிப்பன்கூடத் தானாகப் பார்க்கப் போனதில்லை. விஷயம் புரிந்துவிட்டது. காதில் கிடந்த பாம்படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அதை விட்டுவிட்டு, தன் வாயை மட்டும் மூலதனமாக எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனாள். "கடல்ல போட்டுப் பாக்கட்டும். மீனு தெரிஞ்சா மீனாக் குடுத்துக் கழிக்கோம். தெரியலைன்னா திருப்பித் தாரேன்" என்று ஒரே மூச்சில் பேசி, அண்ணாச்சி ஆம் என்றாரா இல்லை என்றாரா என்று அவருக்கே தெளிவாவதற்குள் போலராயிஸோடு வீடு வந்துவிட்டாள்.

"ஏளா, இந்த வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

"வந்துட்டு."

"போலராயிஸ் வீட்டுக் கண்ணை மொராயிஸ் கடன் வாங்குததா?"

"சம்மந்தமா பேசச் சொல்லுதேன்? மூக்குமேல வைக்கத்தானே சொல்லுதேன். முத்தத்துல அண்டாவுல தண்ணி இருக்கு, வாங்க."

அவள் முதலில் தானே போட்டுப் பார்த்தாள். அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து, "ஏ ஆத்தா!" என்றாள். அடியில் ஈயம் போயிருந்த இடமெல்லாம் தெரிந்தது. பிறகு அவர் முகத்தில் மாட்டினாள். அவர் குனிந்தார், சாய்ந்தார், "தகரம்" என்றார். அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மறுபடி தான் போட்டு, புருஷன் நிற்கிற மாதிரியே காதைத் தோளுக்குக் கொண்டுபோனாள். சட்டென்று தண்ணீர்மேல் வெள்ளி ஏறிக்கொண்டது. தலையை நிமிர்த்தினாள், வெள்ளி இறங்கிப்போனது. சாய்த்தாள், ஏறியது.

"இந்தாருங்க, ஒங்க தலைதான் கோளாறு!"

"என்னது?"

"கண்ணாடி நேரா நின்னாத்தான் கூச்சத்தை வெட்டுது. நீங்க அதையும் சாய்ச்சுப் போடுதிய. தலைய நேரா வைங்க."

"மொராயிஸ் தலை இப்பிடித்தான் நிக்கும்."

அவள் இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்து, சுக்கான் திருப்புவது மாதிரித் திருப்பி, நேராக நிறுத்தினாள். ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் சலேத்து அண்டாவின் அடியைப் பார்த்தார். ஈயம் போன இடம், ஒரு புளியங்கொட்டை, அதன்மேல் ஊர்ந்த ஒரு சின்னப் புழு, எல்லாம் கையில் எடுத்துவிடலாம் போலத் தெரிந்தன. மனசுக்குள் ஏதோ ஒன்று, பல மாசமாகக் கட்டிப்போட்டிருந்தது, எழுந்து நின்றது.

அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "ஒண்ணும் தெரியல" என்றார். ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோவிலுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். அவருடைய நிலைமையைப் பாருங்கள். கண்ணாடி போட்டால் ஊர் முன்னால் சொன்ன சொல் போயிற்று. தலையை நிமிர்த்தினால் அப்பாவும் தாத்தாவும் நின்ற நிலை போயிற்று. இரண்டையும் காப்பாற்றினால் அணியம் போயிற்று. ஒரு மனிதனிடம் இருக்கிற பெருமைகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டால், விலக்கிவிட வெளியாள் வரமுடியாது.

கொடியேற்றத்துக்கு முந்திய நாள் கடைசித் தவணை. அன்று கரையில் நின்று கணக்குப் பார்க்கிற சம்மாட்டியே வள்ளத்தில் ஏறிவிட்டார். முயல்தீவைத் தாண்டியதும் சூரியன் எதிரே ஏறி வந்தது. கடல் முழுக்க ஒரே தகரக்கூரை. சலேத்து அணியத்தில் தலையைச் சாய்த்து நின்றார், பார்த்தார், துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"எங்கன?" என்றார் சம்மாட்டி.

சலேத்து மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

வளனால் பொறுக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தான். "அந்தா, எடப்பக்கம்! கறுப்பாத் தெரியுது!"

"ஏலே, நீ போட்டிருக்கதுல எல்லாப் பக்கமும் கறுப்பாத்தான தெரியும்?" என்று தண்டுக்காரன் ஒருவன் கேட்டான்.

"சரி, போடுங்க பாப்போம்" என்றார் சம்மாட்டி.

வலை போய் விழுந்தது. கடல் தண்ணீரைக் கடலிலிருந்து எடுத்து மறுபடி கடலுக்கே வடித்துக் கொடுத்துவிட்டு ஏறி வந்தது. வளன் கண்ணாடியைக் கழற்றி, அதன்மேல்தான் குற்றம் என்பதுபோல ஊதித் துடைத்தான்.

சம்மாட்டி ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "திருப்புங்க, கரைக்குப் போவோம்" என்றார். "சலேத்து, நீரு எறங்கி இப்பிடி வந்து உக்காரும்."

சலேத்து இறங்கவில்லை. மடியை அவிழ்த்தார். துணியைப் பிரித்தார். தண்டுக்காரர்கள் தண்டை நிறுத்தினார்கள். மாதா கோவில் வாசலில் அந்தப் பிரகடனத்தைக் காதால் கேட்டவர்கள் அவர்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தார்கள். அன்று வானத்தில் ஒன்றுமே இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தலை பழக்கத்தில் சாய்ந்தது. தகரம் பாதி உருகி, பாதி அப்படியே நின்றது. அவர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு, மூன்று தலைமுறையாக ஒரு பக்கம் சாய்ந்தே கிடந்த அந்தத் தலை, மெல்ல மெல்ல, ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று நிமிர்ந்தது. கழுத்தில் ஓர் எலும்பு 'சடக்' என்றது.

கடல் திறந்துகொண்டது.

மணல் தெரிந்தது. மணலில் வள்ளத்தின் நிழல் தெரிந்தது. நிழலுக்கு அந்தப் பக்கம் பார்க்கல் என்கிற கடலடிப் பாறையும், கல்லைச் சுற்றி அசைகிற பாசியும் தெரிந்தன. சந்து வழியாக எட்டிப் பார்த்தது போதும் என்று யாரோ வாசலையே திறந்துவிட்டதுபோல இருந்தது. அவருடைய அப்பா பார்த்த கடல் இதில் பாதிகூட இருக்காது. கல்லுக்கு வலப்புறம், தண்ணீருக்குள் ஒரு கருநீலம் கிடந்தது. அது நிழலாக இருக்கலாம், பாசியாக இருக்கலாம். அவர் அவசரப்படவில்லை. பார்த்தார். கருநீலம் மொத்தமாக ஒரு பக்கம் ஒருக்களித்தது. ஆயிரம் வயிறு ஒரே நேரத்தில் வெள்ளையாக மின்னி அணைந்தது.

"வலத்தாப்புல" என்றார். குரல் வழக்கமான குரல்தான், பழைய குரல். "சத்தம் காட்டாதிய. இன்னும் கொஞ்சம். அது முகத்தைத் தெக்க வச்சிருக்கு, நாம முன்னால போயி நிக்கணும். வலிங்க... வலிங்க... நிறுத்து. திரும்புது, திரும்பட்டும். ஏலே வளன், கண்ணாடியைத் தொடைச்சது போதும், வலையப் பிடி. இப்ப!"

வலை விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கயிறு இறுகியது. சம்மாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாமும் இழுக்க வந்தார். சாளை வள்ளத்துக்குள் கொட்டியது. முழங்கால் வரைக்கும் ஏறியது. தண்டுக்காரர்கள் மாதாவையும் அந்தோணியாரையும் மாறிமாறிக் கூப்பிட்டார்கள். வளன் மீனுக்குள் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தான். சலேத்து ஒருவர்தான் அசையாமல் நின்றார். மிச்சக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரவாரம் அடங்கியதும் வள்ளத்தில் ஒரு விசித்திரமான மரியாதை நிலவியது. எல்லோரும் மீனைப் பற்றிப் பேசினார்கள், காற்றைப் பற்றிப் பேசினார்கள், வலையின் மிதப்பைப் பற்றிப் பேசினார்கள். அவர் மூக்குமேல் இருந்ததைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவராகச் சொன்னால் ஒழிய, அந்தக் கண்ணாடியை அன்று கடலில் யாருமே பார்க்கவில்லை என்று சாட்சி சொல்ல எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

"எம்மாடி!" என்றார் சம்மாட்டி, பெருமையோடு. "அம்புட்டு மின்னல்லயும் எப்பிடித்தான்வே கண்டீரு? என்ன இருந்தாலும் மொராயிஸ் கண்ணு!"

தப்பித்துக்கொள்ள வாசல் திறந்தே இருந்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம். சலேத்து காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். கழற்றியதும் கண் பொங்கியது. கையை நீட்டிச் சம்மாட்டியிடம் கொடுத்தார்.

"இதப் போட்டுப் பாருங்க" என்றார். "தலைய மட்டும் நேரா வச்சுக்கிடணும்."